பீங்கான் பல்லும் எதிர்ப் பல்லும்

நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்கள் அங்கே திறந்தவெளிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று, பள்ளத்துக்குள் சுழலும் மாபெரும் சக்கரத்தைப் பார்த்து வியந்திருப்பார்கள். சக்கரத்தின் சுற்றுவிளிம்பில் வரிசையாக வாளிகள். ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் உறுதியான எஃகுப் பற்கள். சக்கரம் சுழலச் சுழல அந்தப் பற்கள் மண்ணைக் கடித்து வாளிக்குள் தள்ளுகின்றன. சுரங்கத் தொழிலாளர்கள் இதைப் 'பக்கெட் வீல்' என்றே அழைப்பர்.

இந்தக் கட்டுரை சுரங்கத்தைப் பற்றியதன்று. நம் வாயிலுள்ள பற்களைப் பற்றியது. ஆயினும் நெய்வேலியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தேய்ப்பது எப்படி என்ற பாடத்தை நெய்வேலி மண் நமக்குத் தெளிவாகவே கற்றுக் கொடுத்திருக்கிறது. அது மட்டுமன்று, பீங்கான் பல்லின் வரலாறு தொடங்கும் வெண்களிமண்ணும் அதே மண்ணில் கிடைக்கிறது.

எஃகை வென்ற மணற்கல்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்று பின்னர் உறுதியாயிற்று. 1956 ஆம் ஆண்டு நவம்பர் 14 இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957 மே 20 இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். இடையில் நான்கு ஆண்டுகள்! அவ்வளவு காலமும் மேலே மூடியிருந்த மண்ணையும் பாறையையும் அகற்றுவதிலேயே கழிந்தது.

அந்த மேல்மண்ணின் பெரும்பகுதி 'கடலூர் மணற்கல்' என்று நிலவியலார் பெயரிட்ட பாறை. அதை வெட்ட மேற்கு ஜெர்மனியிலிருந்து வாளிச் சக்கர எந்திரங்கள் வந்தன. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் மென்மையான மண்ணை வெட்டிப் பழகிய எந்திரங்கள் அவை. நெய்வேலி மணற்கல்லோ அவற்றின் எஃகுப் பற்களை அரத்தைப் போல அராவித் தேய்த்துவிட்டது. பற்களின் அமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று; பாறையை முதலில் வெடி வைத்துத் தளர்த்திய பின்னர் வெட்டும் முறையும் கொண்டு வரப்பட்டது.

எஃகு உறுதியானது, மணற்கல்லோ எஃகைவிட எளிதில் உடையும். பின் எஃகு தேய்ந்தது ஏன்? மணற்கல் என்பது குவார்ட்ஸ் மணிகளின் தொகுதி. ஒவ்வொரு மணியும் கூரிய முனைகளை உடையது. பாறை உடைந்தாலும் மணி உடைவதில்லை. அது எஃகின் மீது ஒரு கீறலைப் போட்டுவிட்டே விலகுகிறது. இலட்சக்கணக்கான கீறல்கள் சேர்ந்தால் பல் மழுங்கிவிடும்.

பல்லும் ஒரு கனிமமே

1812 ஆம் ஆண்டு பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், கனிமங்களின் கடினத்தன்மையை ஒப்பிட எளிய அளவுகோல் ஒன்றை வகுத்தார். எது எதைக் கீறுகிறது என்பதே அதன் அடிப்படை. மிக மென்மையான டால்க் 1. யாவற்றையும் கீறும் வைரம் 10. இந்த வரிசையில் ஐந்தாவது இடம் அபடைட் என்னும் கனிமத்துக்கு. ஆறாவது பெல்ட்ஸ்பார். ஏழாவது குவார்ட்ஸ்.

நம் பல்லின் வெளிப்போர்வையான எனாமல் ஏறத்தாழ முழுவதும் அபடைட் இனத்தைச் சேர்ந்த பொருளால் ஆனது. அதன் எடையில் 96 விழுக்காடு கனிமமே. உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எனினும் மோஸ் வரிசையில் அதற்குக் கிடைப்பது ஐந்தாவது இடமே. பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் அதைக் கீறிவிடும். சோற்றில் அகப்பட்ட சிறு கல்லைக் கடித்தவுடன் நாம் பதறுவது காரணமில்லாமல் இல்லை!

எனாமலுக்கு மற்றொரு குறையும் உண்டு. தோல் கிழிந்தால் வளர்கிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. எனாமலோ தேய்ந்தால் தேய்ந்ததுதான். அதை உண்டாக்கிய உயிரணுக்கள், பல் ஈறை விட்டு வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. மீண்டும் எனாமல் செய்வதற்கு உடலில் ஆள் இல்லை.

இயல்பான வாழ்க்கையிலும் பல் தேயத்தான் செய்கிறது. பல்லும் பல்லும் மோதும் இடங்களில் கடைவாய்ப் பல் ஆண்டுக்குச் சுமார் 30 மைக்ரானும், முன்கடைவாய்ப் பல் சுமார் 15 மைக்ரானும் தேய்வதாக அளந்திருக்கிறார்கள். (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர்.) எனாமலின் தடிப்பு மிகுதியான இடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு 30 மைக்ரான் வீதம் 50 ஆண்டுகளில் தேய்வது ஒன்றரை மில்லிமீட்டர். ஆயுள் முழுவதுக்கும் போதுமான சேமிப்பை இயற்கை நமக்கு அளித்திருக்கிறது. ஆனால் தேய்மானம் இரு மடங்கானால் அதே ஒன்றரை மில்லிமீட்டர் 25 ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும். அதன் பின் உள்ளிருக்கும் மென்மையான டென்டீன் வெளிப்படும், பல் கூசும், தேய்வு மேலும் விரையும்.

வெண்களிமண் பல்லாகிறது

நெய்வேலியின் மேல்மண்ணில் மணற்கல்லோடு வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய நெய்வேலியில் ஓர் ஆலை இயங்கியது. அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்ததற்கும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிலையம் அமைந்ததற்கும் இந்த மண்வளம் துணை நின்றது. வெண்களிமண்ணுக்குக் 'கயோலின்' என்று பெயர். சீனாவில் அது தோண்டப்பட்ட காவ்லிங் என்னும் இடத்தின் பெயரே இவ்வாறு மருவிற்று.

சீனர் நெடுங்காலம் மறைத்து வைத்திருந்த பீங்கான் இரகசியத்தை ஐரோப்பியர் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டறிந்தனர். பிரான்சில் 1768 இல் வெண்களிமண் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது ஒருவரின் வாய்க்குள்ளேயே நுழைந்துவிட்டது!

அலெக்சிஸ் துஷாத்தோ என்பவர் பாரிசுக்கு அருகில் மருந்துக்கடை நடத்தியவர். அக்கால வழக்கப்படி அவர் நீர்யானைத் தந்தத்தாலான பொய்ப்பற்களை அணிந்திருந்தார். தந்தம் உமிழ்நீரில் ஊறி நிறம் மாறும், நாற்றமடிக்கும். மருந்துகளைச் சுவைத்துப் பார்க்கும் தொழிலாதலால் அவர் பற்கள் மேலும் கெட்டன. தம் கடையிலிருந்த பீங்கான் கலங்கள் எந்த மருந்தாலும் கறைபடாதிருப்பதைக் கண்ட அவர், பல்லையும் பீங்கானால் செய்தால் என்ன என்று எண்ணினார். 1774 இல் ஒரு பீங்கான் ஆலையின் உதவியுடன் முயன்றார். சூளையில் சுடும்போது பீங்கான் சுருங்கியதால் அளவு பொருந்தாமல் பலமுறை தோற்றார். பாரிஸ் பல் மருத்துவர் துபுவா த ஷெமான் அம்முறையைத் திருத்தி, 1788 இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவர் இங்கிலாந்து சென்று 1791 இல் காப்புரிமையும் பெற்றார். 1808 இல் இத்தாலியரான போன்சி, தனித்தனிப் பீங்கான் பற்களில் பிளாட்டினக் கொக்கிகளைப் பொருத்தும் முறையைப் பாரிசில் அறிமுகம் செய்தார்.

நாளடைவில் பல் பீங்கானின் கூறுகள் மாறின. நாம் உணவுண்ணும் பீங்கான் தட்டில் ஏறக்குறையப் பாதி வெண்களிமண். பல் பீங்கானிலோ அது நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் இருப்பதில்லை. பல வகைகளில் அறவே இல்லை. களிமண் மிகுந்தால் பீங்கான் ஒளிபுகாமல் வெளுத்து நிற்கும். இயற்கைப் பல்லின் ஒளி ஊடுருவும் அழகு அதற்கு வராது. ஆகவே பெல்ட்ஸ்பாரை நான்கில் மூன்று பங்குக்கு மேலும், மீதியில் குவார்ட்ஸையும் சேர்த்தனர். மோஸ் வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, எனாமல் 5. அழகுக்காகச் செய்த மாற்றம், எனாமலைக் கீற வல்ல பொருள்களையே வாய்க்குள் கொண்டு வந்து சேர்த்தது.

பல்லுக்கு உறை

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்ல்ஸ் லேண்ட் என்னும் பல் மருத்துவர் வாழ்ந்தார். 1927 இல் தனியாக அட்லாண்டிக் கடலைப் பறந்து கடந்த லிண்ட்பர்க்கின் தாய்வழிப் பாட்டனார் அவரே. பல்லைப் பிடுங்காமல், சிதைந்த பகுதியைச் செதுக்கிவிட்டு அதன் மேல் பீங்கான் தொப்பி போன்ற உறையைப் பொருத்தும் முறையை அவர் உருவாக்கினார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது பரவியது. இன்று நம் ஊர்களில் 'பல்லுக்குக் கேப் போடுவது' என்று சொல்கிறோமே, அதன் மூதாதை இதுவே.

அந்த உறை எளிதில் உடைந்தது. 1962 இல் வைன்ஸ்டைன் குழுவினர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையில், உலோக உறையின் மேல் பீங்கானை உருக்கி ஒட்டினர். வெப்பத்தில் உலோகமும் பீங்கானும் ஒரே அளவில் விரிந்து சுருங்காவிட்டால் பீங்கான் வெடித்துவிடும். லூசைட் என்னும் படிகத்தைப் பீங்கானில் உண்டாக்கி இந்தச் சிக்கலைத் தீர்த்தனர். 1965 இல் இங்கிலாந்தில் மக்லீன், ஹியூஸ் இருவரும் அலுமினா சேர்த்த வலிய பீங்கானைக் கொண்டு வந்தனர். இனி பீங்கானைக் கடைவாயிலும் போடலாம்; முழு வலிமையுடன் மெல்லலாம்!

இதுவரை கூறிய வரலாற்றில் ஒன்றைக் கவனித்தீர்களா? நிறம், பொருத்தம், உறுதி என்று ஒவ்வொருவரும் பீங்கானின் நலனையே நினைத்தனர். எதிரே நிற்கும் இயற்கைப் பல் என்னவாகும் என்ற கேள்வி பின்னர்தான் கூர்மையாக எழுந்தது. தங்க உறை போட்ட காலத்தில் அக்கேள்விக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. தங்கம் மென்மையானது; எனாமலோடு இணங்கித் தேயும். பீங்கான் அப்படி விட்டுக்கொடுக்கும் பொருளன்று.

அம்மி கூறும் உண்மை

1971 இல் மொனாஸ்கி, டெய்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் பீங்கான், எனாமல், தங்கம் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பீங்கானின் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்போ, அவ்வளவுக்கு எதிர்ப்பல் தேய்வும் மிகும் என்பது அதில் தெளிவாயிற்று. 1980களில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், மெல்லும் தாடையின் அசைவையும் விசையையும் போலச் செய்து காட்டும் 'செயற்கை வாய்' ஒன்றையும் அமைத்தனர். மனித வாயில் ஆண்டுக்கணக்கில் நிகழும் தேய்வை ஆய்வகத்தில் குறுகிய காலத்தில் காண வழி பிறந்தது.

சொரசொரப்பே காரணம் என்பது நமக்குப் புதிய செய்தியா? நம் வீட்டு அம்மியைக் கேளுங்கள்! பழகப் பழக அம்மி வழவழப்பாகிவிடும்; மிளகாய் அரைபடாது. உடனே அம்மி கொத்துபவரை அழைத்து, உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தச் சொல்கிறோம். கல் அதே கல்தான். அதன் கடினம் ஒரு துளியும் கூடவில்லை. மேற்பரப்பு மட்டுமே மாறியது. அரைக்கும் திறன் திரும்பிவிட்டது.

இப்போது பல் மருத்துவரின் நாற்காலிக்கு வாருங்கள். புதிய உறையைப் பொருத்தியதும் மருத்துவர் ஒரு வண்ணத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்கிறார். எங்கே உயரம் மிகுந்திருக்கிறதோ அங்கே புள்ளி விழுகிறது. வைரத்துகள் பதித்த சுழலூசியால் அந்த இடத்தைச் சிறிது அராவுகிறார். இது தேவையான வேலை. செய்யாவிட்டால் கடி பொருந்தாது. ஆனால் அராவிய இடம் கொத்திய அம்மியாகிவிடுகிறது. அதுவும் எந்த இடம்? எதிர்ப்பல் வந்து மோதும் அதே இடம்!

பூச்சா, மெருகா?

அராவிய இடத்தை வழவழப்பாக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கண்ணாடிப் பூச்சு. நம் ஊறுகாய் ஜாடியின் மேல் பளபளப்பதும் இதுவே. உறையை மீண்டும் உலையிலிட்டுச் சுட்டால் மேற்பரப்பில் மெல்லிய கண்ணாடிப் படலம் உண்டாகிறது. மற்றொன்று, தேய்த்து மெருகேற்றுதல். முதலில் சற்றுக் கரடான ரப்பர்ச் சக்கரம், பின் நுண்ணியது, இறுதியில் வைரத்துகள் பசை என்று படிப்படியாகத் தேய்ப்பது. ஆசாரி மரத்துக்கு உப்புத்தாள் போடுவது போன்றதே இது. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல் மறையாது.

பூச்சு கண்ணைக் கவரும். ஆகவே அதுவே சிறந்தது என்று நெடுங்காலம் கருதினர். ஆனால் அந்தப் படலம் மெல்லியது. மெல்லும் இடத்தில் சில மாதங்களிலேயே அது தேய்ந்து போகக்கூடும். அடியில் இருப்பது மெருகேற்றாத கரட்டுப் பரப்பானால், அதன் பின் எதிர்ப்பல்லுக்குக் கேடுதான். அன்றியும் உடைந்து வரும் கண்ணாடித் துகள்கள் இரு பற்களுக்கும் நடுவே நின்று, நெய்வேலி மணலைப் போல இரண்டையும் அராவும். நன்கு மெருகேற்றிய பரப்போ அடியிலும் ஒன்றே, மேலும் ஒன்றே.

பீங்கான் எஃகின் வியப்பு

1975 இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கார்வி, ஹனிங்க், பாஸ்கோ மூவரும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினர். 'பீங்கான் எஃகா?' என்ற கேள்வியே அதன் தலைப்பு. சிர்க்கோனியா என்னும் பீங்கானில் விரிசல் தோன்றினால், அவ்விடத்துப் படிகங்கள் உருமாறிப் பருத்து விரிசலின் வாயை நெருக்கிவிடும் என்று அவர்கள் காட்டினர். இந்த நூற்றாண்டில் இதே பொருள் பல் உறையாகப் பரவலாயிற்று. தமிழ்நாட்டிலும் பல மருத்துவர்கள் இதைப் பொருத்துகின்றனர்.

கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் முறையில் எனாமல் சுமார் 300-க்கு மேல். சிர்க்கோனியா சுமார் 1200. ஏறத்தாழ நான்கு மடங்கு! எதிர்ப்பல் பொடியாகிவிடும் என்றே பலரும் அஞ்சினர். ஆய்வகங்களில் சோதித்தபோது வியப்பு காத்திருந்தது. 2010 ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த பல ஆய்வுகளில், நன்கு மெருகேற்றிய சிர்க்கோனியா எதிரேயிருந்த எனாமலை, மென்மையான பழைய பீங்கானைவிடக் குறைவாகவே தேய்த்தது. அதே சிர்க்கோனியாவின் மேல் கண்ணாடிப் பூச்சு இட்டபோது தேய்வு மிகுந்தது.

காரணம் இதுதான். பழைய பீங்கானில் கண்ணாடியும் படிகமும் கலந்திருக்கின்றன. மெல்லும்போது கண்ணாடி சிறுகச் சிறுக உடைந்து புதிய முனைகள் தோன்றிக்கொண்டே இருக்கும். தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் அம்மி அது! சிர்க்கோனியாவின் படிகங்கள் ஒரு மைக்ரானிலும் சிறியவை, நெருக்கமானவை. அதன் பரப்பு ஒருமுறை வழவழப்பானால் அப்படியே நிற்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கரடாக விட்டாலும் அது அப்படியே நிற்கும். கடினத்தன்மை மெருகையும் காக்கும், கரட்டையும் காக்கும்.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து நமக்குப் பயன்படுவது என்ன? உறை போட்டுக்கொள்ளும் அன்பர்கள் நிறத்தையும் விலையையும் மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். கடி சரிபார்த்து அராவிய பின் மருத்துவரிடம், "டாக்டர், அராவின இடத்துக்கு மெருகேற்றியாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள். சில நிமிட வேலைதான் அது. வீட்டுக்கு வந்து நாக்கு நுனியால் உறையின் மேல் தடவிப் பாருங்கள். கரடாகத் தட்டுப்பட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்க்கும்போது உறையை மட்டுமன்றி, அதற்கு எதிரேயுள்ள பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமுள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குத் தேய்வு மிக விரைவாகும்.

உமிக்கரி, செங்கற்பொடி ஆகியவற்றால் பல் துலக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. உமியில் இருப்பது சிலிக்கா, மணலும் சிலிக்காதான். இயற்கைப் பல்லையும் அது தேய்க்கும். உறையின் மெருகையும் கெடுக்கும். அதைக் கைவிடுவதே நல்லது.

நெய்வேலியில் தேய்ந்த எஃகுப் பல்லைக் கழற்றிவிட்டுப் புதிய பல்லைப் பூட்டினார்கள். சக்கரம் மீண்டும் சுழன்றது. நம் வாயில் அந்த வசதி இல்லை. உறை பழுதானால் வேறு உறை வாங்கலாம். அதற்கு எதிரே, ஒரு குறையுமின்றி, ஐம்பது ஆண்டுகளுக்கான எனாமலோடு நிற்கும் இயற்கைப் பல்லை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைக் காப்பது அந்தச் சில நிமிட மெருகுதான்.